தனித்தீவு ரிசார்ட்டில் தங்கப் போகிறீர்களா? பின்கட்டிலிருந்து தொடங்குங்கள்

தனித்தீவு ரிசார்ட் என்றதும் மனதில் வருவது ஒரே படம்தான். வெள்ளை மணல், ஆழமில்லாத பச்சை நீலக் கடல், தண்ணீருக்கு மேல் காலூன்றி நிற்கும் ஒரு வில்லா. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி, குப்பை பிரிக்கும் கொட்டகை, ஊழியர் குடியிருப்பு ஆகியவை அந்தப் படத்தில் வராது. அவை தீவின் மறுபக்கம், மரங்களுக்குப் பின்னால் இருக்கும். வீட்டின் நிஜமான சுத்தம் பின்கட்டில்தான் தெரியும் என்பார்கள் இல்லையா, தீவுக்கும் அப்படித்தான். பின்கட்டு ஒழுங்காக இருக்கும் தீவில் கடல் தெளிவாக இருக்கிறது, மீன் இருக்கிறது, ஊழியர் முகத்தில் களை இருக்கிறது. விருந்தாளிக்குக் கிடைக்கும் சொகுசு அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் இந்த வழிகாட்டியை அறை அலங்காரத்திலிருந்து தொடங்காமல் தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குகிறேன். இப்படி ஒரு பயணத்துக்குப் பலர் வருடக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். போகிற இடம் அந்தச் சேமிப்புக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும்.

படி 1: ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்றால் என்னவென்று கேளுங்கள்

இந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மூங்கில் உறிஞ்சுகுழலும் ‘துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்ற அட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு பசுமை ரிசார்ட் என்று சொல்லும் இடங்கள் உண்டு. பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி தண்ணீர். சிறிய பவளத் தீவில் ஆறும் ஏரியும் கிடையாது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். கிணற்றில் கிடைக்கும் நன்னீர் அவ்வளவுதான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும், அப்புறம் தென்னை முதற்கொண்டு வாடும். எனவே பெரும்பாலான ரிசார்ட்டுகள் கடல்நீரை அழுத்தத்தில் சவ்வு வழியாகச் செலுத்திக் குடிநீராக்குகின்றன. ஆயிரம் லிட்டர் கிடைக்கப் பொதுவாக மூன்று யூனிட் மின்சாரமாவது செலவாகும். எடுத்த நீரில் பாதிக்கு மேல், உப்பு கூடிய நீராகத் திரும்பக் கடலுக்கே போகிறது. அந்த உப்புநீரை எங்கே விடுகிறார்கள், மழைநீர் சேகரிக்கிறார்களா என்று கேளுங்கள்.

தான்சானியாவின் சான்சிபாரை ஒட்டிய சும்பே தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஏழே குடில்கள். ஒவ்வொன்றின் கூரையும் மழைநீரைப் பிடித்து அடியிலிருக்கும் தொட்டிக்கு அனுப்பும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை, கழிவு உரமாக மக்கும். குளிர்சாதனமும் கிடையாது, கடற்காற்று வீசும்படி குடிலையே வடிவமைத்திருக்கிறார்கள். 1994-ல் அந்தத் தீவின் பவளத்திட்டு பாதுகாக்கப்பட்ட பகுதியானது. முன்பு அங்கே மீன்பிடித்தவர்களில் சிலர் பின்னர் காவலர்களாகப் பயிற்சி பெற்றார்கள்.

இரண்டாவது கேள்வி மின்சாரம். தீவுகளில் வழக்கமாக ஓடுவது டீசல் ஜெனரேட்டர். சோலார் தகடு இருக்கிறது என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். மொத்தத் தேவையில் எவ்வளவு பங்கை அது தருகிறது, இரவுக்கு பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ரிசார்ட்டில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது பெரும்பாலும் குளிர்சாதனம்தான். தென் பசிபிக்கில் இருக்கும் பிரெஞ்சு பாலினீசியாவின் தெதியாரோவா தீவில் 2014-ல் திறந்த ‘தி பிராண்டோ’ ரிசார்ட் இதற்கு ஒரு அழகான வழி கண்டது. சுமார் 900 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரை மேலே கொண்டுவந்து, அந்தக் குளிர்ச்சியைக் கொண்டே கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். கரையை ஒட்டிக் கடல் சட்டென்று ஆழமாகும் இடத்தில் மட்டுமே இது முடியும். மற்ற தீவுகளில் காற்றோட்டமும் நிழலும் நல்ல கூரையும்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, குப்பையும் கழிவுநீரும். தீவுக்குள் வருகிற ஒவ்வொரு பொட்டலமும் ஒன்று திரும்பப் படகேற வேண்டும், இல்லாவிட்டால் எரிய வேண்டும், புதைய வேண்டும், அல்லது வேறு பொருளாக மாற வேண்டும். வேறு வழி இல்லை. மாலத்தீவின் பா என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் 1995-ல் தொடங்கிய சொனேவா ஃபுஷி ரிசார்ட், 1998-லேயே பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை நிறுத்தியது. 2008-ல் வெளியிலிருந்து வரும் பாட்டில் தண்ணீரையும் நிறுத்திவிட்டுத் தீவிலேயே சுத்திகரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பத் தொடங்கியது. கழிவுநீர் இன்னும் முக்கியம். அரைகுறையாகச் சுத்திகரித்த நீர் கடலில் சேர்ந்தால் அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று பாசி கொழிக்கும், பவளத்தை மூடிவிடும். வில்லாவுக்கு முன்னால் இருக்கும் பவளத்திட்டு பாசி பிடித்துக் கிடந்தால் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, அந்தத் தீவு இருப்பதால் சுற்றியுள்ள கடலுக்கும் மக்களுக்கும் என்ன கிடைத்தது? இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் பகுதியில் இருக்கும் மிசூல் ரிசார்ட், ஒரு காலத்தில் சுறாவின் துடுப்பை மட்டும் அறுத்தெடுப்பவர்கள் முகாமிட்டிருந்த தீவில் எழுந்தது. உள்ளூர் மக்களோடு ஒப்பந்தம் செய்து, சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக்கி, உள்ளூர்க் காவலர்களை வைத்து ரோந்து நடத்துகிறார்கள். துடுப்பு காயப்போட்ட கரையில் இன்று குட்டிச் சுறாக்கள் வளைய வருகின்றன. ஒரு ரிசார்ட் இருப்பதால் கடல் வளமாகிறது என்றால் அதுதான் என் கணக்கில் முதல் தர இடம்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு சொல். ஜி.எஸ்.டி.சி. என்ற உலக நிலைத்த சுற்றுலா மன்றம் அளவுகோல்களை வகுக்கிறது. அது நேரடியாக விடுதிகளுக்குச் சான்று தருவதில்லை, சான்று தரும் அமைப்புகளை அங்கீகரிக்கிறது. ஆகவே சின்னத்தைப் பார்த்ததும் நம்பாமல், யார் தந்தது, எந்த ஆண்டு வரை செல்லும், வெளியாள் வந்து சோதித்தாரா என்று பாருங்கள். லீட் சான்று கட்டடத்துக்கானது, கடல் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலின் தொனியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நல்ல இடங்களில் விற்பனைப் பிரிவு உங்கள் கடிதத்தைக் கடல் உயிரியலாளருக்கோ பொறியாளருக்கோ அனுப்பிவைக்கும். அவர்கள் எண்களோடு, ஆசையோடு, நீளமாகப் பதில் எழுதுவார்கள். மோசமான இடத்திலிருந்து ஒரு விளம்பரத் தாள் வரும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

‘சீசன்’ என்பது யாருக்குச் சீசன் என்று பார்க்க வேண்டும். மாலத்தீவில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், கடல் அமைதி, கூட்டமும் அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை, அலை. ஆனால் பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு குடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது இந்த மழைக்காலத்தில்தான். காற்றும் ஓதமும் (கடல் ஏறி வற்றுவது) சேர்ந்து மிதவை உயிர்களை அந்தக் குடாவுக்குள் தள்ளுகின்றன, திருக்கைகள் வாயைத் திறந்தபடி அவற்றை வடித்துத் தின்ன வருகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வாய்ப்பு கூடும். அந்தக் குடாவில் காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, மாஸ்க்கும் மூச்சுக்குழலும் வைத்து மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெலிங் மட்டும்தான், நேரக் கட்டுப்பாடும் உண்டு. நாள் முழுக்க மணலில் படுத்து வெயில் காய வேண்டுமா, திருக்கைகளுக்கு நடுவில் மிதக்க வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு பிறகு மாதத்தைப் பாருங்கள்.

செஷல்ஸில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும். காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கடல் தெளிந்து நிற்கும். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: பவளத்திட்டு இப்போது எப்படி இருக்கிறது? வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் கடல் சில வாரங்கள் சூடாக இருந்தாலே, பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 1998-லும் 2016-லும் இப்படிப் பெரிய வெளுப்பு நடந்தது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று அறிவிக்கப்பட்டது. விளம்பரத்தில் இருக்கும் வண்ணப் படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்கலாம். நேர்மையான ரிசார்ட் இந்த உண்மையை மறைக்காது.

படி 3: தண்ணீர் மேல் வில்லாவா, மணல் மேல் வில்லாவா

தண்ணீர் மேல் நிற்கும் வில்லாக்கள் 1967-ல் பிரெஞ்சு பாலினீசியாவின் ரையாத்தெயா தீவில் தொடங்கின. நல்ல மணற்கரை இல்லாத இடத்தில் விருந்தாளியைக் கடலுக்கு அருகில் கொண்டுபோகக் கண்டுபிடித்த வழி அது. இன்று எங்கும் பரவிவிட்டது. தூண் ஊன்றும்போது கலங்கும் மண்ணும், பிறகு மேலே விழும் நிழலும், அடியில் இருக்கும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் கெடுதல். வெறும் மணல் தரையின் மேல் கட்டியிருந்தால் சேதம் குறைவு. ‘உங்கள் வில்லாக்களின் அடியில் கட்டுவதற்கு முன் என்ன இருந்தது?’ என்று கேட்கலாம், தவறில்லை.

எனக்குப் பிடித்தது மணல் மேல், மரங்களுக்குள் இருக்கும் வில்லாதான். தாழையும் புன்னையும் தரும் நிழலில் குளிர்சாதனம் அதிகம் தேவைப்படாது, இரவில் ஆலாக்களின் குரல் கேட்கும், கதவைத் திறந்தால் கால் மண்ணில் படும். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இதுவே பாதுகாப்பு. பல ரிசார்ட்டுகள் தண்ணீர் மேல் வில்லாவில் சிறு குழந்தைகளை அனுமதிப்பதும் இல்லை. ஆசை விடவில்லை என்றால் முதல் சில நாள் மணல் மேலும் கடைசி இரண்டு இரவு தண்ணீர் மேலும் என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

தீவு வட்டமாக இருந்தால் கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா என்பதும் கவனிக்க வேண்டியது. காற்று வரும் பக்கத்தில் வெக்கை இருக்காது, ஆனால் அலைச் சத்தமும் கரையொதுங்கும் பாசியும் இருக்கும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அமைதி என்று பதிவுப் பிரிவில் இருப்பவரைவிடப் படகோட்டிக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

படி 4: பதிவு

விலைக்கு அருகில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் வரும் என்று பொருள். சில நாடுகளில் ஆளுக்கு, இரவுக்கு என்று பசுமை வரியும் உண்டு. தீவுக்குப் போய்வரும் படகு அல்லது விமானக் கட்டணம் அறைக் கட்டணத்தில் பெரும்பாலும் சேராது, அது சிறிய தொகையும் அல்ல. எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுத் திட்டத்தில் யோசித்து முடிவெடுங்கள். தனித்தீவில் வெளியே போய்ச் சாப்பிட வழி கிடையாது. காலை, இரவு இரண்டு வேளை சேர்ந்த திட்டம் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ‘எல்லாம் உட்பட’ என்று எடுத்தால், கட்டிய காசுக்குத் தின்றாக வேண்டும் என்ற எண்ணத்தில் தட்டில் மிஞ்சுவது அதிகமாகிறது.

எத்தனை நாள்? என் கருத்து அழுத்தமானது: குறைந்தது ஆறு இரவு. தொலைதூரத் தீவு என்றால் இந்தப் பயணத்தின் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு நீங்கள் ஏறும் விமானத்தில் இருக்கும், ரிசார்ட் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அது குறையாது. மூன்று இரவுக்காக இரண்டு முறை போவதற்குப் பதில் ஒரு முறை போய் நீளமாகத் தங்குங்கள். இரண்டு தீவு, மூன்று தீவு என்று தாவவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் உடம்பு ஊரிலேயே இருக்கும். மூன்றாம் நாள்தான் ஓதம் எப்போது ஏறுகிறது, கொக்கு எந்தக் கல்லில் வந்து நிற்கிறது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது அவசரமாக வெளியேற்றும் செலவு அதில் சேர்கிறதா என்று பாருங்கள். ஸ்கூபா செய்வீர்கள் என்றால், மூழ்கி எழும்போது வரக்கூடிய அழுத்த நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சையும் சேர வேண்டும். தீவில் மருத்துவர் இருக்கிறாரா, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: தீவுக்குப் போய்ச் சேர்வது

ஸ்பீட் போட், உள்நாட்டு விமானத்தோடு படகு, கடல் விமானம் என்று மூன்று வழிகள் உண்டு. ஸ்பீட் போட் என்றால் பின்பக்க இருக்கையில் உட்காருங்கள், குலுக்கல் குறைவு. குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வந்த பிறகு போட்டால் பயன் குறைவு.

மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இதை அறியாமல் நான் ஒருமுறை மாலை நாலரை மணிக்குப் போய் இறங்கினேன். கடைசி விமானம் கிளம்பிவிட்டது. ரிசார்ட்டில் எனக்கான அறை காலியாகக் காத்திருக்க, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இரவைக் கழித்தேன். இரண்டு இடத்துக்கும் பணம் கட்டினேன். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் ரிசார்ட்டிடம் ‘கடைசியாக எத்தனை மணிக்குள் தரையிறங்க வேண்டும்?’ என்று கேட்டுவிடுங்கள். திரும்பும்போதும் இதே கணக்குதான், அதிகாலை விமானம் என்றால் முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

பதினைந்து பேர் அளவில் உட்காரும் அந்தச் சிறு விமானத்தில் பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. பெரிய பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பது வழக்கம். சத்தம் அதிகம், காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். சிரமப்பட்டாவது சன்னலோரம் பிடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போதுதான் பவளத்திட்டு எவ்வளவு மெல்லிய வளையம், அதன் நடுவில் தீவு எவ்வளவு சின்னத் துண்டு என்று தெரியும். தங்கப் போகிற இடத்தை ஒரு முறை முழுதாகப் பார்ப்பது பிறகு எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்க்க வைக்கும்.

படி 6: பெட்டியில் என்ன

குறைவாக. காலணியே தேவைப்படாத தீவுகள் பல உண்டு.

நீளக்கை நீச்சல் சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்நார்க்கெலிங்கில் வெயில் படுவது முதுகிலும் கழுத்திலும் முழங்கால் பின்புறத்திலும்தான். சட்டை போட்டால் சன்ஸ்கிரீன் பாதியாகக் குறையும். பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை விற்க ஹவாய் 2021 ஜனவரியிலிருந்து தடை விதித்தது. பலாவ் நாடு அதற்கு ஓராண்டு முன்பே, 2020 ஜனவரி 1 முதல், இன்னும் நீளமான பட்டியலோடு தடையைக் கொண்டுவந்தது. துத்தநாக ஆக்சைடு சேர்ந்த வகையைத் தேடி வாங்குங்கள். பவளத்துக்குப் பெரிய எதிரி கடல் சூடாவதுதான், சன்ஸ்கிரீனை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் ஒரே சிறு வளைகுடாவில் தினமும் பலர் இறங்கும்போது இதை ஏன் சேர்க்க வேண்டும்?

முகத்துக்குப் பொருந்திய சொந்த மாஸ்க், பார்வைக் குறை இருந்தால் பவர் போட்ட மாஸ்க், சிவப்பு ஒளி தரும் டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் கூடுதலாகச் சில நாளுக்கு, தண்ணீர் பாட்டில். காலி சாஷேக்கள், பேட்டரி, ஷாம்பு டப்பா ஆகியவற்றைத் தீவில் விடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை.

படி 7: முதல் நாள்

வந்ததும் கடலில் குதிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் தீவைச் சுற்றி ஒரு முறை நடந்துவிடுங்கள். பிறகு நீர் விளையாட்டுப் பகுதியில் இருப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது, இன்று நீரோட்டம் எந்தப் பக்கம்?

அடுத்து, ‘பின்கட்டைப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். நல்ல ரிசார்ட்டுகளில் இதற்கென்றே ஒரு சுற்று இருக்கும், இல்லாவிட்டாலும் அழைத்துப் போவார்கள். நான் ஒரு தீவில் இப்படிக் கேட்டபோது, கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார். கடைசித் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தார். தெளிவாக இருந்தது. அந்த நீர்தான் தோட்டத்துக்குப் போகிறது என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறக்க முடியாது. அதற்கு முன்பு எந்த விருந்தாளியும் அங்கே வந்ததில்லையாம்.

படி 8: கடலில் இறங்குவது

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை மாஸ்க் போடுகிறவர்கள் மணல் தரை உள்ள இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். இதைப் பத்து முறை செய்து பழகிவிட்டால் பயம் போய்விடும். பயப்படுகிறவர்தான் காலை ஊன்றி நிற்கப் பார்ப்பார், அங்கே பவளம் உடையும். கிளை பரப்பும் பவளம்கூட ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரைதான் வளரும். பாறை போல உருண்டு திரண்ட வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நீங்கள் கால் வைத்த இடம் உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம். நீச்சலில் நம்பிக்கை இல்லை என்றால் மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்பைக் கிடையாக வைத்து, காலில் மாட்டிய துடுப்பை மெதுவாக, இடுப்பிலிருந்து அசையுங்கள். ஆழமில்லாத இடத்தில் ஓதம் வற்றும்போது பவளத்திட்டின் மேல் போகாதீர்கள், வயிறு உரசும். உரசிக் காயம்பட்டால் அன்றே நன்னீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். பவளக் கீறல் எளிதில் சீழ் பிடிக்கும்.

திட்டின் நடுவில் கடல் உள்ளே வெளியே போகும் வாய்க்கால் இருக்கும். அங்கே ஓட்டம் வேகம். சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்திச் சோர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில், ஓட்டத்துக்குக் குறுக்கே நீந்தி வெளியே வாருங்கள், கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம்.

என்ன பார்ப்பது? அவசரப்படாமல் ஒரே இடத்தில் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள். ‘கரக் கரக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் பவளத்தில் படிந்த பாசியைக் கடித்துச் சுரண்டும் சத்தம் அது. சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் தரும். நீங்கள் படுத்திருந்த கரையில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இதனால்தான் உணவுப் பட்டியலில் கிளிமீன் இருந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறேன்.

கடலாமையைக் கண்டால் பின்னால் துரத்த வேண்டாம். மூச்சு வாங்க மேலே வரும் அதன் வழியை மறிக்காமல் பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். தொடாதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். ஊழியரே போட்டுக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடியில் அசையாமல் கிடக்கும் ‘கல்’ நச்சு முள் கொண்ட கல்மீனாக இருக்கலாம், ஆகவே எதிலும் கை வைக்க வேண்டாம்.

படி 9: இரவை இருட்டாக விடுங்கள்

ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் இது கட்டாயம். மணலுக்கடியில் சுமார் இரண்டு மாதம் இருந்துவிட்டுக் குஞ்சுகள் இரவில் வெளியே வரும்போது, வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி ஓடுகின்றன. விளக்கு இல்லாத கரையில் அந்தத் திசை கடலாகவே இருக்கும். வில்லாவின் முற்றத்து விளக்கு எரிந்தால் அவை உங்கள் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்து, காலை வெயிலில் காய்ந்துபோகும். முன்விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். நடக்கும்போது சிவப்பு ஒளி டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். ஆமை கரையேறுவதைப் பார்க்க நேர்ந்தால் பின்புறமாக, தூரத்தில், சத்தமின்றி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது பால்வெளி. நகரத்தில் பிறந்து வளர்ந்த பலர் அதை முதல் முறை பார்ப்பது இப்படி ஒரு தீவில்தான்.

படி 10: அறையிலும் சாப்பாட்டிலும்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிர்சாதனத்தை ஓட்ட வேண்டாம். விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தத் துணியை வெளுப்பதும் கடலிலிருந்து பிழிந்தெடுத்த நன்னீரில்தான்.

கொசு பற்றிக் கேளுங்கள். புகை மருந்து அடிக்கும் தீவில் கொசுவோடு வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் சாகும். சொனேவா ஃபுஷி 2019-ல் தீவெங்கும் பொறி வைத்துக் கொசுவைப் பிடிக்கும் முறைக்கு மாறியது. தேங்காய்ச் சிரட்டையிலும் இலைக்கணுவிலும் தேங்கும் நீரை அகற்றுவதும் இதன் ஒரு பகுதி.

சாப்பாட்டில் தூண்டிலால் ஒன்றொன்றாகப் பிடித்த சூரை மீன் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பவளத்திட்டில் வாழும் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றின் உடம்பில் சிகுவாட்டெரா என்ற உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் நச்சு சேர்ந்திருக்கலாம், சமைத்தாலும் அது போகாது. தீவுத் தோட்டத்தில் விளைந்த கீரை என்ன இருக்கிறது என்று சமையல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். விமானத்தில் வந்த பழத்தைவிட அன்று காலை பறித்த கீரை அந்த வெக்கைக்கு நன்றாக இறங்கும்.

படி 11: கிளம்பும்போது

ஸ்கூபா செய்தவர்கள் கடைசி நாளை வெறுமையாக விடுங்கள். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பரிந்துரை. கடல் விமானத்தையும் இதில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

சங்கு, பவளத் துண்டு, மணல் எதையும் எடுத்து வராதீர்கள். காலியான சங்கு அடுத்த துறவி நண்டுக்கு வீடு. பவளமோ, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பது, விமான நிலையத்தில் நிறுத்தப்படுவீர்கள்.

அன்பளிப்பு தருவதென்றால் பொதுப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சலவைக்காரரும் தோட்டக்காரரும் கழிவுநீர் நிலையத்தில் நின்றவரும் உங்கள் கண்ணில் படாமலே வேலை செய்தவர்கள், பெட்டியில் போட்டால் அவர்களுக்கும் பங்கு போகும். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குளியலறையில் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் இருந்ததையும், கரையில் விளக்கு எரிந்ததையும் குறிப்பிடுங்கள். குவளையில் தண்ணீர் மொண்டு காட்டியவரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.